பாதி வண்டி கம்பெனியில், மீதி பட்டறையில்

புது டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட் எடுக்கிற மதுரைக்காரர் ஷோரூமிலிருந்து நேரே வீட்டுக்குப் போவது அரிது. முதலில் ஒரு கோவில்: பாண்டி முனியோ, தெருமுனைப் பிள்ளையாரோ. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, ஹேண்டில்பாரில் மாலை ஏறியதும் அடுத்தது வெளி வீதிகளில் ஏதாவதொரு உதிரிபாகக் கடை. அதற்கும் அடுத்தது, அதைவிட முக்கியமானது, ஊர் எல்லையில் தகரக் கொட்டகைக்குள் பொறி பறந்துகொண்டிருக்கும் வெல்டிங் பட்டறை. இந்த மூன்று வாசலும் ஏறி இறங்கினால்தான் வண்டி முழுசு. கம்பெனி செய்து கொடுத்தது பாதிதான் என்பது இந்த ஊரின் தீர்மானம். அந்த மீதிப் பாதியை நின்று பார்ப்பதையே ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கும் எனக்கு, தீர்மானம் சரியென்றே படுகிறது.

வெறும் வண்டியைப் பாருங்கள். இருக்கைக்கு முன்னால் 4 லிட்டர் பிடிக்கும் டேங்க். அதற்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத தட்டையான தளம். கம்பி போட்ட 16 அங்குலச் சக்கரம் இரண்டு. கியர் மாற்றும் வேலை கிடையாது. பிரேக் இரண்டும் கையில். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பைக் ஓட்டுகிறவரின் ஒரு கால் கியருக்கும் ஒரு கால் பிரேக்குக்கும் கடமைப்பட்டது. எக்ஸ்எல்லில் கால்களுக்கு உத்தியோகமே இல்லை. ஆகவே கால் வைக்கும் இடம் முழுவதையும் சரக்குக்கு விட்டுவிடலாம்: ஓர் அரிசி மூட்டை, ஒரு கேஸ் சிலிண்டர், சந்தையில் வாங்கிய வெள்ளாட்டுக் குட்டி, எதுவானாலும். அப்படியானால் கால் எங்கே போகும்? முன்னால் மாட்டிய லெக் கார்டின் மேல். அந்தக் குழாயின் இரண்டு கோடியிலும் பாதம் பதிகிற இடத்துக்கு மட்டும் ஒரு ரப்பர் உறை போட்டிருப்பார்கள். விழுந்தால் காலைக் காப்பாற்ற என்று கடையில் விற்கும் சாமான், இங்கே கால் நீட்டும் பலகையாகிவிட்டது. மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு கால்களை அதற்கு அந்தப்புறம் நீட்டி வருகிறவரை எதிரில் பார்த்தால், திண்ணைச் சாய்வு நாற்காலியோடு ஒருவர் சாலையில் மிதந்து வருவதுபோலத்தான் இருக்கும்.

வண்டியின் வம்சத்துக்கும் ஊருக்கும் பழைய உறவு. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் தாய்வீடு மதுரை. மொபெட் மட்டும் ஓசூர்ப் பிள்ளை: 1980இல் வந்த டி.வி.எஸ். 50, இரண்டு பேர் உட்காரும்படி வந்த முதல் இந்திய மொபெட். அதன் வழியில் 69.9 சிசி எக்ஸ்எல் சூப்பர், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக். 2015இல் 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்காக எக்ஸ்எல் 100. 2020இல் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது கார்புரேட்டரும் போய்விட்டது. வயிற்றுக்குள் இத்தனை மாற்றம் நடந்தும் அந்தத் தட்டைத் தளம் மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய லூனாவும் சுவேகாவும் நினைவாகிப் போன பிறகும் இது ஓடுவதற்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாங்கியவன் தன் தொழிலை இறக்கி வைக்க அதில் இடம் விட்டிருக்கிறார்கள்.

உதிரிபாகக் கடையில் கிடைப்பவை எல்லாருக்கும் பொது. சைடு பாக்ஸ், சீட் கவர், கைப்பிடிக்கு கிரிப், தளத்துக்கு ரப்பர் மேட், டேங்க்குக்குப் பை தைத்த ரெக்சின் உறை. அந்த உறையை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். அதிலுள்ள பை, ஆர்.சி. புத்தக நகலுக்கென்று தைத்தது. திறந்து பார்த்தால் பீடிக்கட்டு, வசூல் நோட்டு, ஒரு ஸ்பார்க் பிளக், மழை வந்தால் செல்போனைச் சுற்ற ஒரு பாலிதீன் பை. மூடியில் ஒட்டும் பட்டை தேய்ந்துபோனதும் மகளின் தலைமுடி கிளிப் அந்த வேலையைப் பார்க்கிறது.

கலை என்று சொல்லத் தக்கது பட்டறையில்தான் ஆரம்பிக்கிறது. பால்காரர் வண்டியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் தப்புக்கு இடமில்லை. நாற்பது லிட்டர் கேன் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்க வேண்டும். நாற்பது லிட்டர் பாலே 41 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு கேனுக்கும் பால் மட்டும் 82 கிலோ, கேனின் எடை தனி, ஓட்டுகிறவர் தனி. வண்டி தாங்கும் சுமை என்று நிறுவனம் சொல்வது 130 கிலோ. அந்தக் கணக்கு வீட்டு வாசலிலேயே தாண்டிவிடுகிறது. இதற்கு மேல் கேன் ததும்பும், வேகத்தடை வரும், நாய் குறுக்கே ஓடும்.

பட்டறையில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்:

“எம்புட்டு லிட்டரு கேனு?”

“நாப்பதுண்ணே. அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு.”

“சரி, வண்டில ஏறி ஒக்காருய்யா. காலத் தொங்கப் போடு. ம்… அப்படியே இரு.”

டேப் வெளியே வருவதில்லை. சாக்பீஸ் வருகிறது. உட்கார்ந்தவரின் கெண்டைக்கால் எங்கே முடிகிறதோ அதற்கு நாலு விரல் தள்ளி ஒரு கோடு. காலி கேனைத் தூக்கிப் பக்கத்தில் பிடித்து, அடிப்பாகம் வேகத்தடையில் தட்டாத உயரத்தில் ஒரு கோடு. சைலன்சர் பக்கம் சூடு படாமல் கொஞ்சம் வெளியே தள்ளி இன்னொரு கோடு. பிறகுதான் இரும்பு. சட்டத்தோடு நேராகப் பற்றவைப்பவர் கைத்திறன் போதாதவர். நல்ல பட்டறைக்காரர் வண்டிச் சட்டத்தைத் தொடமாட்டார். பட்டையை வளைத்து கிளாம்ப் செய்து, நட்டு போல்ட்டில் இறுக்கி, அந்த கிளாம்பின் மேல்தான் கொக்கியை ஏற்றுவார். மேலே கேனின் கைப்பிடி மாட்டும் கொக்கி. கீழே கேனின் இடுப்பை அணைக்கும் ஓர் அரை வளையம். கொக்கி சுமையைத் தாங்கும், வளையம் ஆட்டத்தை அடக்கும். கொக்கி மட்டும் இருந்து வளையம் இல்லாத வண்டி திருப்பத்தில் ஆளை எப்படி இழுக்கும் என்பது ஓட்டியவருக்குத் தெரியும்.

கொக்கியின் வளைவைக் கவனியுங்கள். முழு வட்டமாக வளைத்தால் கேனை மாட்டவும் கழற்றவும் நேரமாகும். அரைகுறையாக வளைத்தால் பள்ளத்தில் எகிறி விழும். நுனியை மட்டும் சுண்டுவிரல் அளவுக்கு வெளியே மடக்கி விட்டால் இரண்டு தொல்லையும் இல்லை: மேலே தூக்கினால் வரும், தானாகக் கழலாது. அந்த நுனியை அரத்தால் ராவி மழுக்கியிருப்பார்கள். இருட்டில் கேன் மாட்டுகிற கைக்குச் செய்யும் மரியாதை அது.

இதற்கெல்லாம் மேல், எனக்கு மிகப் பிடித்தது, சைக்கிள் டியூப். அலுமினியம் இரும்பைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் பழைய டியூபைப் பட்டையாகக் கீறி, இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றியிருப்பார்கள். ஆரம்ப முனை சுற்றுக்குள் மறைந்திருக்கும்; கடைசி முனை கடைசிச் சுற்றுக்கு அடியில் நுழைந்து இறுகியிருக்கும். பசை இல்லை, நூல் இல்லை. இது செய்தால் கேன் தேயாது என்பது ஒரு பயன். இன்னொரு பயன் காதுக்கு. பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு திரும்பும் வண்டி, டியூப் சுற்றாவிட்டால் தெருவையே எழுப்பும். சுற்றியிருந்தால் ‘தொம், தொம்’ என்று ஒரு மந்த ஓசையோடு சரி. செக்கானூரணிச் சாலையில் விடிகாலை நடக்கிறவர் ஓசையை வைத்தே ஆளின் பொறுப்பை எடை போட்டுவிடலாம்.

பூக்காரரின் வண்டிக்கு வேறு இலக்கணம். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. மொட்டாகவே பறித்து, விரிவதற்குள் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வந்து சேர வேண்டிய சரக்கு. கனம் அதிகமில்லை, அகலம்தான் அதிகம். ஈரச் சாக்கில் வருகிற மூட்டையைக் காற்று தள்ளும், அது வழுக்கும். எனவே கேரியர் பின்னால் நீண்டு, இரண்டு பக்கமும் விரிந்து, ஓரம் மட்டும் ஒரு விரற்கடை எழும்பியிருக்கும். தளம் தகரமாக இருக்கக் கூடாது. மெல்லிய கம்பிகளை இடைவெளி விட்டு வைத்ததாக இருக்க வேண்டும், ஈரம் வடிய, காற்று ஏற. தகரம் வைத்தால் வெயிலேறிய நேரத்தில் அடியிலுள்ள மொட்டு வெந்துவிடும். அந்தக் கம்பிகளின் இடைவெளி ஒரே சீராக இருப்பதைப் பின்னால் வரும்போது பார்க்க வேண்டும். அளந்து வைத்தால் இவ்வளவு அழகு வராது. ஒரே கட்டையை இடையில் வைத்து வைத்து எடுத்துப் பற்றவைத்ததால் வந்த சீர் அது. பால்வண்டியின் அழகு தாங்குவதில் என்றால், இதன் அழகு லேசாக ஏந்துவதில்.

இந்த வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை வேறு அவதாரம் எடுக்கும். பின் சீட்டைக் கழற்றி மாட்டலாம் என்பது கம்பெனியே கொடுத்த வசதி. வார நாளில் சீட் வீட்டு மூலையில் கிடக்கும். ஞாயிறு காலை அது ஏறும், மனைவி ஏறுவார். முன்னால் ஹேண்டிலுக்குப் பின்புறம் இரும்புக் குழாயில் செய்த குழந்தை சீட்: ஒரு சாண் பலகை, ஒரு முதுகுக் கம்பி, அதில் ரெக்சினுக்கு அடியில் பஞ்சு. சில அப்பாக்கள் குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்னக் கைப்பிடியும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் பெரிய கைப்பிடியின் நிறத்திலேயே கிரிப். பின்சக்கரப் பக்கம் சேலை மாட்டாமலிருக்க மறைப்பு வேண்டும் என்பது 1989 மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது, சக்கரத்தின் பாதியையாவது மூட வேண்டும் என்று. மதுரைப் பட்டறைகள் அந்தச் சாரி கார்டைச் சும்மா வலையாக விடுவதில்லை. கம்பியை வளைத்து ஒரு மாங்காய், ஒரு மயில் கழுத்து, கொஞ்சம் கைவந்தவர் என்றால் வேல். விதி கேட்டது மறைப்பு, கிடைத்தது கோலம்.

சாணை பிடிக்கிறவர் வண்டியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சைக்கிளை நிறுத்தி மிதித்துச் சுற்றிய கல், இப்போது எக்ஸ்எல்லின் மேல் ஏறியிருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதன் சுழற்சியை பெல்ட்டில் வாங்கிக் கல்லுக்குக் கொடுக்கிறார். ஆக்ஸிலேட்டரைத் திருகியே கல்லின் வேகம்: அரிவாள்மனைக்கு ஒரு சுதி, கத்தரிக்கோலுக்கு ஒரு சுதி. ஊர் ஊராகப் போகவும் அதே இன்ஜின், போன இடத்தில் பிழைக்கவும் அதே இன்ஜின். பொறி தெறிக்கும் பக்கத்தில் டேங்க் இருப்பதால் நடுவே ஒரு தகரத் தட்டி. அந்தத் தட்டி பெரும்பாலும் பழைய எண்ணெய் டின்னை விரித்துச் செய்ததாக இருக்கும்.

கோலமாவு, உப்பு, பழைய இரும்புக்காரர்கள் ஹேண்டிலில் கட்டும் ஒலிபெருக்கியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பதிவு செய்த குரல் தெருத்தெருவாகத் தானே கூவ, தொண்டை பிழைத்தது. ஆனால் ஒவ்வொரு விற்பனைக்காரருக்கும் ஒரு கூவல் இருந்த காலத்தில் ஆளைப் பார்க்காமலே யாரென்று சொல்லிவிடலாம். பழைய எக்ஸ்எல் சூப்பரில் இருட்டில் வந்தால் வேறொரு அடையாளமும் உண்டு. அதன் முகப்பு விளக்கு ஆக்ஸிலேட்டரைப் பொறுத்து எரியும். வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் சோரும். பள்ளம் வருகிறது என்று தெரிந்தவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே முறுக்குவார், பள்ளத்தைப் பார்க்க.

இனி எழுத்து. மட்ஃபிளாப்பிலும் முன் ஷீல்டிலும் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற தொழில் மதுரையில் கண்ணியமான தொழில். கத்தியை ஒரே இழுப்பில் ஓட்டி ‘ழ’வின் சுழியை உடையாமல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குலதெய்வம் துணை மேலே, பிள்ளைகள் பெயர் கீழே. பெயர்களுக்கு நடுவே ஒரு பூவோ நட்சத்திரமோ. இரண்டாவது குழந்தையின் பெயர் பின்னால் சேர்ந்தது என்பது நிறத்தின் புதுமையிலேயே தெரியும். ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருந்தால் அது முன்யோசனை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாமே எனக்கு உவப்பில்லை. பைக்குக்குச் செய்த கண்ணாடியைக் கொம்பு மாதிரி தலைகீழாகத் திருப்பி மாட்டுவது, லாரி ஹாரனை ஏற்றிப் பின்னால் நடக்கும் கிழவியைத் துள்ள வைப்பது, சைலன்சருக்குள் இருப்பதைக் குடைந்தெடுத்துவிட்டுச் சத்தத்தை வேகமென்று நினைத்துக்கொள்வது, இதெல்லாம் வண்டியைத் தெரியாதவர்கள் செய்யும் வேலை. 99.7 சிசி இன்ஜின் 4 குதிரைத்திறன் சொச்சம்தான் தரும். அதன் பெருமை இழுவையில். ஓட்டப் பந்தயத்தில் அல்ல. பளபளக்கும் போலிக் குழாய்கள் ஒரு மழைக்காலத்தில் செதில் விடும். ரெட் ஆக்சைடு பூசி, மேலே கறுப்பு அடித்த கொக்கி பத்து ஆண்டு கழித்தும் கறுப்பாகவே இருக்கும், கேன் உரசும் இடத்தில் டியூப் மட்டும் மாறியிருக்கும்.

விலை குறைந்த ஒன்றை வாங்கித் தன் கைக்கும் தோளுக்கும் ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும் ஆசை உலகப் பொது. அமெரிக்காவில் மலிவான துருக்கித் தயாரிப்பு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியை வாங்கி, கட்டையை மாற்றி, தோளில் உதை படாமலிருக்க ரப்பர் மெத்தை ஒட்டி, குறிபார்க்கும் முனையையும் வாரையும் தேடித் தேடி மாட்டி அழகு பார்க்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அதுவே சனிக்கிழமை. நம் ஊரில் துப்பாக்கி என்றால் வங்கி வாசல் காவலாளியின் இரட்டைக்குழல். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொடவே முடியாது, உரிமம் வைத்திருப்பவரும் குழலைத் தன் இஷ்டத்துக்கு வெட்டிக் குறுக்க முடியாது. அந்தக் காவலாளியின் தோள்வாரில் மடித்துத் தைத்த துணிப்பட்டையைப் பார்த்திருக்கிறேன். பகல் முழுக்க நிற்கிறவரின் தோள் எங்கே வலிக்குமோ சரியாக அங்கே இருந்தது. டியூப் சுற்றிய கொக்கியின் இனம்தான் அதுவும்.

வண்டிக்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கிளாம்ப் போட்டுக் கழற்றக் கூடியதாகவே செய்யும் பட்டறைக்காரருக்கு இந்தப் பிரிவு எண் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும் முந்தின நாள் எல்லாவற்றையும் அரை மணியில் கழற்றி, மறுநாள் அரை மணியில் மாட்ட வேண்டியிருக்கும் என்பது தெரியும். வண்டியின் இரும்புச் சட்டத்தை அறுத்து நீட்டி மூன்று சக்கரமாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்புவதும் உண்டு. “ஒடிஞ்சா எம்பேரச் சொல்லுவ” என்பார்.

ஆயுத பூஜைக்கு இந்த வண்டிகளைக் கழுவும்போது கவனித்தால், சொந்தக்காரர் எதை எதை எந்த வரிசையில் துடைக்கிறார் என்பது தெரியும். டேங்கும் ஷீல்டும் பிள்ளைகளின் பொறுப்பு. வாளித் தண்ணீர், ஷாம்பூ, ஆரவாரம். கேரியரையும் கொக்கியையும் அவர் யாரிடமும் விடுவதில்லை. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கம்பி கம்பியாகத் துடைத்து, போல்ட்டுகளைச் சாவியால் ஒரு கால் சுற்று இறுக்கிப் பார்த்து, நைந்த டியூபைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிய பிறகுதான் சந்தனமும் குங்குமமும். பொட்டு வைக்கும்போதும் முகப்பு விளக்குக்கு ஒன்று என்றால், கொக்கிகளுக்குத் தனித்தனியாக வைப்பார்.

வண்டியை விற்கும் நாளில் இது இன்னும் தெளிவாகும். வாங்க வருகிறவர் டயரையும் இன்ஜினையும் பார்த்து விலை பேசி முடித்த பிறகு, கொடுப்பவர் ஸ்பேனரை எடுப்பார். “கேரியரு வண்டியோட வராதுங்க.” அதற்காக ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் கொடுப்பாரே தவிர அதை விடமாட்டார். மாடல் மாறினால் துளை மாறும். பழைய கிளாம்ப் புது வண்டியில் அப்படியே உட்காராது. மறுபடி அதே தகரக் கொட்டகை, அதே சாக்பீஸ், “ஏறி ஒக்காருய்யா.” இந்த முறை வெட்டி ஒட்ட வேண்டியது கிளாம்ப் மட்டும். கொக்கியும் அரை வளையமும் போன வண்டியில் இருந்ததேதான்.